திருச்சில போட்ட போன் இன்சூரன்ஸ், சிங்கப்பூர்ல உடைஞ்ச போன்: என் அனுபவம், என் ரேட்டிங்

முதல்லயே மார்க் சொல்லிடறேன். இன்சூரன்ஸ் பிளானுக்கு 5க்கு 1. போன் கம்பெனியோட சர்வீஸ் சென்டர், சிங்கப்பூர்ல 3, திருச்சில 4. சிங்கப்பூர்ல லிட்டில் இந்தியாவுல இருக்கற தேக்கால ஒரு சின்ன ரிப்பேர் கடை இருக்கு, அதுக்கு 5க்கு 5, பத்து இருந்தா பத்தும் குடுப்பேன். பிளான் பேரு, கடை பேரு எதுவும் போடல, ஏன்னா இது ஒரு கம்பெனிய பத்தின விஷயம் மட்டும் இல்ல. போன் வாங்கறப்ப பில்லோட சேத்து விக்கற பிளான் கையில வச்சிருக்கறவங்க எல்லாரும், அதுவும் புள்ளைங்கள பாக்க வெளிநாடு போற அம்மா அப்பாங்க, இத ஒருதடவ படிக்கணும்னு ஆசைப்படறேன்.

போன் 27,999 ரூபாய். திருச்சில ஒரு பெரிய ஷோரூம்ல வாங்கினேன். பில் போடற எடத்துல ஒரு பையன், "அக்கா, 2,199 சேத்து போட்டுக்கோங்க, கீழ விழுந்தாலும் தண்ணில விழுந்தாலும் ஒரு வருஷத்துக்கு கவலையே இல்ல"ன்னு சொன்னான். நான் அப்பவே கேட்டேன், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, "தங்கச்சி சிங்கப்பூர்ல இருக்கா, அங்க போகப்போறேன், அங்கயும் செல்லுமா"ன்னு. "எங்க போனாலும் கவர் ஆகும்க்கா"ன்னு சொல்லிட்டான். நானும் நம்பி குடுத்துட்டேன். அன்னைக்கு சாயங்காலம் ஒரு எஸ்எம்எஸ் வந்துச்சு, அதுல ஒரு லிங்க், அத தொட்டா பிளானோட விதிமுறை எல்லாம் இருக்கற பிடிஎஃப், மொத்தம் 14 பக்கம், பொடிப்பொடி எழுத்துல, எல்லாமே இங்கிலீஷ்ல. போன்லயே பெருசு பண்ணி முதல் ரெண்டு பக்கம் படிச்சேன், அதுல எல்லாம் என்னென்ன கவர் ஆகும்ங்கறதுதான் இருந்துச்சு. ஒன்பதாவது பக்கத்துக்கு நான் போகல.

தங்கச்சிக்கு குழந்தை பொறந்திருந்துச்சு, அதான் அம்மாவ கூட்டிட்டு போனோம். திருச்சிலருந்து நேரா ஃபிளைட், நாலு மணி நேரம் சொச்சம்தான். அவங்க வீடு ஈசூன்ல, எச்டிபி பிளாட், அதாவது அரசாங்கம் கட்டின அடுக்குமாடி வீடு. அம்மாவுக்கு முதல் பேத்தி. பதினோரு நாள் அம்மா அந்த குழந்தைய கீழயே விடல, எண்ணெய் தேச்சு குளிப்பாட்டறது, சாம்பிராணி காட்டறது, தாலாட்டு பாடறது எல்லாத்தையும் நான் போன்ல எடுத்து வச்சிருந்தேன். எங்கப்பா போன வருஷம் தவறிட்டாரு, அதுக்கப்புறம் அம்மா பாடி நாங்க கேக்கவே இல்ல, அந்த தாலாட்டுதான் முதல் தடவ. கூகுள் போட்டோஸ்ல இடம் நிறைஞ்சுபோச்சுன்னு ஒரு மாசமா சொல்லிட்டே இருந்துச்சு, ஊருக்கு போயி பாத்துக்கலாம்னு விட்டிருந்தேன். அதனால அந்த பதினோரு நாள் படம், வீடியோ எதுவும் வேற எங்கயும் இல்ல, அந்த போன்ல மட்டும்தான்.

பன்னண்டாவது நாள் சனிக்கிழமை, தேக்கா மார்க்கெட்டுக்கு போயிட்டு, பக்கத்துல பஃபலோ ரோட்டுல பூக்கடை இருக்குல்ல, அங்க அம்மாவுக்கு மல்லிப்பூ வாங்க நின்னோம். ஒரு கைல வாழை இலை கட்டு, இன்னொரு கைல போனும் பர்ஸும், காசு எடுக்கறப்ப போன் நழுவி நடைபாதை ஓரத்து கல்லுல முகம் குப்புற விழுந்துச்சு. பெரிய உயரம்கூட இல்ல, இடுப்பு உயரம்தான். எடுத்து பாத்தா கண்ணாடில பெருசா ஒண்ணும் கீறல் இல்ல, ஆனா திரையோட கீழ் பாதி மொத்தமா கருப்பு, மேல் பாதில பச்சை கோடு கோடா ஓடுது, பின்னாடி படம் மங்கலா தெரியுது, தொட்டா வேலை செய்யல. அலாரம் மட்டும் அடிக்குது, நிறுத்த முடியல.

"இன்சூரன்ஸ்தான் இருக்கே"ன்னு அம்மா சொன்னாங்க. எனக்கும் அப்ப அதுதான் பெரிய தைரியம்.

வீட்டுக்கு வந்து உக்காந்தோம். தங்கச்சி லேப்டாப்ல அந்த பிடிஎஃப தேடலாம்னு என் மெயிலுக்குள்ள போக பாத்தா, "உங்க போன்ல வந்திருக்கற அறிவிப்ப தொட்டு ஆமாங்கன்னு சொல்லுங்க"ன்னு கேக்குது. அந்த அறிவிப்பு எங்க வரும், உடைஞ்ச போன்லதான். சரி வேற வழி காட்டுன்னு போட்டா, எஸ்எம்எஸ்ல நம்பர் அனுப்பறேங்குது, அந்த சிம்மும் அதே போன்லதான் இருக்கு. வீட்டுக்காரருக்கு தங்கச்சி போன்லருந்து போட்டேன். அவரு பில்லயும் போன் டப்பாவயும் அலமாரிலருந்து எடுத்து போட்டோ புடிச்சு அனுப்புனாரு, அதுல ஐஎம்இஐ நம்பர், அதாவது ஒவ்வொரு போனுக்கும் தனியா இருக்கற அடையாள நம்பர், 15 இலக்கம் இருந்துச்சு, பில்லுல பிளானோட கஸ்டமர் கேர் நம்பரும் இருந்துச்சு. 48 மணி நேரத்துக்குள்ள தகவல் சொல்லணும்னு அதுலயே போட்டிருந்துச்சு. நம்பர் 1800ல ஆரம்பிக்கற டோல் ஃப்ரீ. சிங்கப்பூர்லருந்து அடிச்சா போகவே இல்ல. முன்னாடி பிளஸ் 91 போட்டு பாத்தோம், அப்பவும் போகல. இந்தியால இருக்கற டோல் ஃப்ரீ நம்பர் பெரும்பாலும் உள்நாட்டுக்கு மட்டும்தான் வேலை செய்யும்னு அப்பதான் தெரிஞ்சுது. வெளிநாட்டுலருந்து கூப்பிட ஒரு சாதா நம்பர் அந்த பில்லுல எங்கயுமே இல்ல. இத நான் முதல் குறையா எழுதறேன், ஏன்னா மத்ததெல்லாம் அப்புறம், கூப்பிடவே முடியலன்னா மனுஷன் என்ன பண்ணுவான்.

வீட்டுக்காரரு திருச்சிலருந்து கூப்பிட்டாரு. "பதிவு பண்ண நம்பர் யாரோடதோ அவங்கதான் பேசணும் சார், அந்த நம்பருக்கு ஓடிபி போகும், அத சொல்லணும்"னாங்க. அவரு அப்படியே ஒரு போன ஸ்பீக்கர்ல போட்டு, அம்மாவோட... இல்ல, அவங்க அம்மா, என் மாமியார், அவங்க போன்லருந்து எனக்கு வாட்ஸ்அப் கால் போட்டு, ரெண்டு போனையும் மேஜைமேல பக்கத்து பக்கத்துல வச்சாரு. கஸ்டமர் கேர் பொண்ணு பேசறது அந்த போன்லருந்து இந்த போனுக்கு வந்து எனக்கு கேக்குது, நான் பேசறது அவங்களுக்கு போகுது. பேர், பொறந்த தேதி எல்லாம் சொல்லி முடிச்சாச்சு, ஓடிபிதான் மிச்சம்.

சிம்ம கழட்டறதுக்கு ஊசி இல்ல, அம்மாவோட ஊக்கு ஒண்ண நிமித்தி குத்தி எடுத்தோம். தங்கச்சி வீட்டுக்காரரோட பழைய போன்ல போட்டா நெட்வொர்க் வரல, ஏன்னா நான் ஊர்லருந்து கிளம்பறப்ப ரோமிங் போடல, இங்க வந்து டூரிஸ்ட் சிம் வாங்கிக்கிட்டேன், ஊர் நம்பர் சும்மாதானே இருக்குன்னு விட்டிருந்தேன். வீட்டுக்காரரு டூப்ளிகேட் சிம் வாங்கட்டுமான்னு கேட்டாரு, ஆனா அதுக்கு நம்பர் யார் பேர்ல இருக்கோ அவங்களே நேர்ல போகணும், அப்படியே கிடைச்சாலும் சிம் மாத்தினா 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது, மோசடிய தடுக்க வச்சிருக்கற விதி அது. நல்ல விதிதான், ஆனா என் நிலமைக்கு உதவல. அப்புறம் அவரே அவரு போன்லருந்து என் நம்பருக்கு சிங்கப்பூர் ரோமிங் பேக் ஒண்ணு ரீசார்ஜ் பண்ணாரு. பத்து நிமிஷம், பதினஞ்சு நிமிஷம், ஒண்ணும் காணோம். போன அணைச்சு போட்டேன். ஏர்ப்ளேன் மோட் போட்டு எடுத்தேன். சிங்கப்பூர் மணி 11.10, ஊர்ல 8.40, கஸ்டமர் கேர் 9 மணி வரைக்கும்தான். அப்ப ஒரு கட்டை சிக்னல் வந்துச்சு. மொதல்ல பேங்க் எஸ்எம்எஸ், கேஸ் புக்கிங் எஸ்எம்எஸ்னு பழசெல்லாம் வரிசையா வந்து விழுந்து, கடைசியா ஓடிபி வந்துச்சு. நான் நம்பர சத்தமா சொல்ல, வீட்டுக்காரரு திருப்பி சொல்ல, அந்த பொண்ணு பதிவு பண்ணுச்சு.

அந்த பொண்ணு கேட்டுச்சு, "எந்த இடத்துல மேம் டேமேஜ் ஆச்சு"ன்னு. சிங்கப்பூர்னு சொன்னேன். ஒரு செகண்ட் கூட தயங்கல, "ஓகே மேம், நோட் பண்ணிட்டேன், இந்தியா வந்ததும் சர்வீஸ் சென்டர்ல குடுங்க, அங்க வேற யார்கிட்டயும் தொறக்க குடுத்துடாதீங்க, குடுத்தா கிளைம் செல்லாது"ன்னு சொல்லி கிளைம் நம்பர் குடுத்துச்சு. வெளிநாட்டுல நடந்தா கிடையாதுன்னு அந்த இடத்துல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இந்த ரிவ்யூ பாதிக்கு மேல எழுதவே வேண்டியிருந்திருக்காது.

மறுநாள் ஞாயித்துக்கிழமை அந்த போன் கம்பெனியோட சர்வீஸ் சென்டருக்கு போனோம், ஒரு மால்ல மூணாவது மாடில. டோக்கன் எடுத்து அரை மணி நேரம். நல்லா மரியாதையா பேசினாங்க. வெளில இருந்தே பாத்துட்டு டிஸ்ப்ளேதான், மாத்தணும், ஆனா இது இந்தியாவுல விக்கற மாடல், இங்க வாரண்டி கிடையாது, காசு குடுத்தா பண்றோம், பார்ட் வரவழைக்க ஒரு வாரத்துக்கு மேல ஆகும், 240 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர்னாங்க. அன்னைக்கு ரேட்டுக்கு கிட்டத்தட்ட 16,000 ரூபாய் வருது. எங்களுக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்துச்சு. படத்தையெல்லாம் மட்டும் எடுத்து குடுக்க முடியுமான்னு கேட்டேன், அது அவங்க வேலை இல்ல, ரிப்பேருக்கு குடுத்தா டேட்டா அழிஞ்சாலும் அழியலாம், ஒரு ஃபார்ம்ல கையெழுத்து போடணும்னாங்க. தப்பு சொல்ல மாட்டேன், அவங்க வழக்கம் அது. ஆனா நான் அந்த ஃபார்ம்ல கையெழுத்து போடாம எழுந்து வந்துட்டேன். அதான் 3 மார்க்.

போன கூரியர்ல திருச்சிக்கு அனுப்பிடலாமான்னும் யோசிச்சோம். கூரியர் ஆபீஸ்ல அடிபட்ட போன், உள்ள பேட்டரியோட இருக்குன்னதும் எடுக்க மாட்டோம்னுட்டாங்க. அடிபட்ட லித்தியம் பேட்டரி ஃபிளைட் சரக்குல தீப்பிடிக்கற ஆபத்து உண்டு, அதனால சேதமான பேட்டரிய விமானத்துல அனுப்பவே தடை இருக்கு. அது நியாயமான விஷயம். வெளிநாட்டுல போன் உடைஞ்சா ஊருக்கு அனுப்பி சரி பண்ணிக்கலாம்னு நினைக்கறவங்களுக்காக சொல்றேன், அந்த வழி இல்ல.

இப்ப தேக்கா கடைக்கு வர்றேன். திங்கக்கிழமை தங்கச்சி வீட்டுக்காரரு, அவரோட வேலை செய்யற ஒருத்தர் சொன்னாருன்னு கூட்டிட்டு போனாரு. முஸ்தபான்னு ஒரு பெரிய கடை இருக்கு, அதுக்கு பின்னாடி தெருவுல, ஒரு கடைக்குள்ள பாதி கடை. முன்னாடி பாதில சிம் கார்டு, டாப்அப், போன் கவர், பின்னாடி பாதில ஒரு மேஜை, விளக்கு போட்ட பூதக்கண்ணாடி, ஒரு தம்பி. பட்டுக்கோட்டை பக்கம்னு பேச்சுலயே தெரிஞ்சுது. ஞாயித்துக்கிழமை லீவுல தேக்காவுக்கு வர்ற நம்ம ஊரு தொழிலாளிங்க, பங்களாதேஷ் தொழிலாளிங்க போன்தான் அந்த மேஜைல நிறைய இருந்துச்சு. ஒவ்வொண்ணுலயும் மாஸ்கிங் டேப் ஒட்டி பேரு, என்ன பிரச்சனை, எவ்வளவு காசுன்னு எழுதி வச்சிருந்தாரு. அத பாத்ததுமே எனக்கு கொஞ்சம் நம்பிக்கை வந்துச்சு.

போன வாங்கி மொதல்ல திருப்பி கண்ணாடி மேஜைமேல படுக்க வச்சு நாலு மூலையும் அழுத்தி பாத்தாரு. ஆடுதான்னு பாக்கறாராம், பேட்டரி உப்பியிருந்தா நடுவுல மேடாகி போன் ஆடும். "உப்பல அக்கா, அதனால ஃபிளைட்ல கைப்பைல எடுத்துட்டு போலாம், ஆனா பெட்டில போட்டு செக்கின் பண்ணிடாதீங்க, ஆஃப் பண்ணி கையிலயே வச்சுக்கோங்க"ன்னாரு. அப்புறம் கேட்டாரு, "இன்சூரன்ஸ் இருக்கா"ன்னு. இருக்குன்னேன். உடனே கைய எடுத்துட்டாரு. "அப்ப நான் தொறக்க மாட்டேன் அக்கா, தொறந்த தடம் இருந்தா அவங்க அத வச்சே தள்ளிடுவாங்க. இங்க மாத்தினா 150 வெள்ளி, ஆனா நீங்க ஊர்லயே பாருங்க. உங்களுக்கு இப்ப என்ன வேணும், சொல்லுங்க"ன்னாரு.

வர்ற 150 வெள்ளிய வேண்டாம்னு சொன்ன ஆளுகிட்ட நான் குழந்தை படத்த பத்தி சொன்னேன். அம்மா பக்கத்துல நின்னுட்டு இருந்தாங்க, அவங்க ஒண்ணும் பேசல, முந்தானைய இழுத்து போத்திக்கிட்டு நின்னாங்க.

அவரு ஒரு சின்ன டப்பா மாதிரி எடுத்தாரு, யூஎஸ்பி ஹப், ஒரு பக்கம் போன்ல சொருகுறது, இன்னொரு பக்கம் நாலு ஓட்டை. அதுல ஒரு கம்ப்யூட்டர் மவுஸயும் ஒரு கீபோர்டயும் சொருகுனாரு. போன் திரைல குட்டியா ஒரு அம்புக்குறி வந்துச்சு! தொடுதிரைதான் செத்துப்போச்சு, போன் உயிரோடதான் இருக்கு, அதுக்கு விரல் பதிலா மவுஸ் போதும்னாரு. லாக் எடுக்கற நம்பர் கட்டம் கருப்பு பாதில இருந்ததால தெரியல, அதுக்குதான் கீபோர்டு, என்னைய விட்டு பின் நம்பர அடிச்சு என்டர் தட்ட சொன்னாரு, அவரு முகத்த அந்த பக்கம் திருப்பிக்கிட்டாரு. தொறந்துடுச்சு. பச்சை கோட்டுக்கு பின்னாடி என் வால்பேப்பர், அப்பாவும் அம்மாவும் ஸ்ரீரங்கத்துல எடுத்த படம்.

அடுத்து அவரு செஞ்சத நான் மறக்கவே மாட்டேன். ஹப்புல இன்னொரு ஓட்டைல புது பென் டிரைவ் ஒண்ண சொருகிட்டு, எப்படி செலக்ட் பண்ணி எப்படி காப்பி பண்றதுன்னு ஒருதடவ காட்டிட்டு, ஸ்டூல என் பக்கம் தள்ளி, "நீங்களே உக்காந்து பண்ணுங்க அக்கா, உங்க குடும்ப படம், நான் பாக்க வேணாம்"னு சொல்லிட்டு வேற போன எடுத்துக்கிட்டாரு. அவரோட கம்ப்யூட்டருக்குள்ள எதுவும் போகல, என் போன்லருந்து நேரா என் பென் டிரைவுக்கு. கீழ் பாதில இருக்கற பட்டன் தெரியாதப்ப போன படுக்கவச்சா திரை திரும்பும், அப்ப தெரியற பக்கத்துக்கு வந்துடும்னும் அவருதான் சொல்லி குடுத்தாரு. 40 நிமிஷம் ஆச்சு, நடுவுல ரெண்டு தடவ போன் தானா அணைஞ்சுது, ரெண்டு தடவயும் மறுபடி சொருகி குடுத்தாரு. 412 படம், 37 வீடியோ. தாலாட்டு வீடியோவ தங்கச்சி வீட்டுக்காரரு போன்ல ஒருதடவ போட்டு பாத்தோம், சத்தம் சரியா இருக்கான்னு. அந்த சின்ன கடைக்குள்ள அம்மா குரல் கேட்டதும் முன்னாடி டாப்அப் போட வந்து நின்னவங்ககூட திரும்பி பாத்தாங்க.

அதே மவுஸ வச்சு இன்னும் ரெண்டு வேலை முடிச்சேன். மெயில்ல அந்த "ஆமாங்க" அறிவிப்ப அழுத்தி தங்கச்சி லேப்டாப்ல என் மெயில தொறந்தாச்சு. அப்புறம் ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அடிச்சு ஐஎம்இஐ நம்பர் திரைல தெரியறப்ப இன்னொரு போன்ல போட்டோ எடுத்து வச்சேன், கிளைமுக்கு அது வேணும்னு கேட்டிருந்தாங்க.

காசு எவ்வளவுன்னு கேட்டா, பென் டிரைவுக்கு 12 வெள்ளி, மத்ததுக்கு ஒண்ணும் வேணாம், நான் தொறக்கவே இல்லையேன்னாரு. வற்புறுத்தி குடுத்தா வாங்கல. மறுநாள் அம்மா வீட்டுல செஞ்ச முறுக்கு ஒரு டப்பா கொண்டுபோயி குடுத்துட்டு வந்தாங்க, அத மட்டும் வாங்கிக்கிட்டாரு.

அன்னைக்கு ராத்திரி மெயில்ல அந்த பிடிஎஃப தொறந்து உக்காந்து முழுசா படிச்சேன். ஒன்பதாவது பக்கத்துல, எல்லை அப்படிங்கற தலைப்புக்கு கீழ ஒரே ஒரு வரி. சேதம் இந்தியாவுக்குள்ள நடந்திருக்கணும். அவ்வளவுதான். போன் எங்க ரிப்பேர் ஆகும்ங்கறது இல்ல, எங்க உடைஞ்சுதுங்கறதே கணக்கு.

ஊருக்கு வந்து சர்வீஸ் சென்டர்ல குடுத்தேன், கிளைம் நம்பர் இருந்துச்சு, படிவம் எழுதினேன், நடந்த இடம் சிங்கப்பூர்னே எழுதினேன். ஆறாவது நாள் எஸ்எம்எஸ், கிளைம் நிராகரிக்கப்பட்டதுன்னு. காரணம் அந்த ஒன்பதாவது பக்கம். ஷோரூமுக்கு போயி கேட்டேன். பில் போட்ட பையன் இல்ல, வேற ஒருத்தர் இருந்தாரு, மெதுவா சொன்னாரு, "மேடம், ஏன் சிங்கப்பூர்னு சொன்னீங்க, ஏர்போர்ட்ல இறங்கறப்ப விழுந்துச்சுன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும், வேணும்னா இப்பகூட புதுசா ஒரு கிளைம் போட்டுக்கலாம்"னு. அவரு எனக்கு உதவி பண்றதாத்தான் நினைச்சு சொன்னாரு. ஆனா நான் மாட்டேன்னுட்டேன். 9,000 ரூபாய்க்காக நான் ஒரு பொய் படிவத்துல கையெழுத்து போட்டா, நாளைக்கு அது வெளிய வந்தா மாட்டறது நானு, அவங்க இல்ல. அதவிட, விக்கறப்ப எங்க போனாலும் கவர் ஆகும்னு ஒரு பொய், கிளைம் பண்றப்ப இங்கதான் விழுந்துச்சுன்னு இன்னொரு பொய், இப்படி ரெண்டு பக்கமும் பொய்ல ஓடறதுக்கா நான் 2,199 குடுத்தேன்னு கோவம் வந்துச்சு. அந்த கோவம் இன்னும் இருக்கு.

புகார் குடுத்தேன். குடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கத்துக்கிட்டேன், இது நிறைய பேருக்கு தெரியாது. ஷோரூம்ல விக்கற பிளான் எல்லாமே இன்சூரன்ஸ் கிடையாது. சிலது நிஜமான இன்சூரன்ஸ், அதாவது ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியோட குரூப் பாலிசிக்கு கீழ நம்ம பேர சேக்கறாங்க. சிலது வெறும் சர்வீஸ் ஒப்பந்தம், பாதுகாப்பு பிளான்னு பேரு, பின்னாடி இன்சூரன்ஸ் கம்பெனியோட நமக்கு நேரடி சம்பந்தமே இருக்காது. உங்க சர்டிபிகேட்ல இன்சூரன்ஸ் கம்பெனி பேரும் பாலிசி நம்பரும் இருக்கான்னு பாருங்க. இருந்தா மொதல்ல அந்த கம்பெனியோட குறை தீர்க்கும் அதிகாரிக்கு மெயில், அதுல சரிவரலன்னா இன்சூரன்ஸ் கம்பெனிங்கள கண்காணிக்கற ஐஆர்டிஏஐயோட பீமா பரோசாங்கற புகார் தளம், அதுலயும் சரிவரலன்னா, இல்ல கம்பெனி ஒரு மாசமா பதிலே சொல்லலன்னா இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன், அதாவது இன்சூரன்ஸ் புகார விசாரிச்சு தீர்ப்பு சொல்றவரு, தமிழ்நாட்டுக்கு சென்னைல ஆபீஸ் இருக்கு, ஃபீஸ் கிடையாது, கம்பெனி நிராகரிச்ச ஒரு வருஷத்துக்குள்ள போகணும். வெறும் சர்வீஸ் ஒப்பந்தம்னா இந்த வழி எதுவும் இல்ல, நுகர்வோர் உதவி எண் 1915, அதுக்கப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரைக்கும் உள்ள வழக்குக்கு அங்க ஃபீஸ் இல்ல, ஆன்லைன்லயே போடலாம், வக்கீல் வேணும்னு கட்டாயம் இல்ல.

என்னோடது குரூப் பாலிசிதான். குறை தீர்க்கும் அதிகாரிக்கு எழுதினேன். எல்லை வரி இருக்குறது எனக்கு தெரியுது, அத மறுக்கல, ஆனா விக்கறப்ப நேர்மாறா சொன்னாங்க, கிளைம் பதிவு பண்றப்ப சிங்கப்பூர்னு சொல்லியும் அத சொல்லாம பதிவு பண்ணாங்க, அந்த கால் ரெக்கார்டிங் உங்ககிட்டயே இருக்கும் கேளுங்கன்னு எழுதினேன். பன்னண்டு நாள்ல பதில் வந்துச்சு. கிளைம் தர முடியாது, ஆனா தவறான தகவலுக்கு வருந்துறோம், பிளானுக்கு கட்டின 2,199 ரூபாய முழுசா திருப்பி தர்றோம்னு. பணம் அடுத்த வாரமே அக்கவுண்ட்ல வந்துச்சு. அந்த ஒரு மார்க் அதுக்குதான். டிஸ்ப்ளே மாத்த திருச்சி சர்வீஸ் சென்டர்ல 9,400 ரூபாய் நானே கட்டினேன். ரெண்டு நாள்ல குடுத்தாங்க, பழைய டிஸ்ப்ளேவயும் கவர்ல போட்டு கையில குடுத்தாங்க, படம் எதுவும் அழியல. அதான் 4.

டிராவல் இன்சூரன்ஸ்னு ஒண்ணு எடுத்திருந்தோமே, அதுல வரலியான்னு கேப்பீங்க. நாங்க எடுத்ததுல ஆஸ்பத்திரி செலவு, பெட்டி தொலையறது, பாஸ்போர்ட் தொலையறது எல்லாம் இருக்கு, கைல வச்சிருக்கற போன் உடையறது இல்ல. ஆப்பிள் போன் வச்சிருக்கறவங்களுக்கு ஆப்பிள்கேர் பிளஸ்னா வெளிநாட்டு ஆப்பிள் கடைலயும் பாத்துக்குவாங்க, அந்த நாட்டுல என்ன வசதி இருக்கோ அதுக்கு உட்பட்டு. மத்தபடி எந்த பிளான் எடுத்தாலும் விக்கறவர் வாயால சொல்றத விட்டுட்டு, எல்லைன்னோ பிரதேசம்னோ இருக்கற வரிய அங்கயே, பணம் கட்டறதுக்கு முன்னாடி, அவர் போன்லயே தொறந்து காட்ட சொல்லுங்க. காட்ட மாட்டேன்னா வாங்காதீங்க.

வர்ற தை மாசம் அம்மா தனியா மறுபடி போறாங்க, பேத்தி இப்ப தவழுறாளாம். அவங்க பைல நான் இப்பவே ஒரு கவர் போட்டு வச்சிட்டேன். போன் பில் ஜெராக்ஸ், ஐஎம்இஐ எழுதின தாள், கூகுள் அக்கவுண்ட்டுக்கு குடுக்கற பத்து பேக்கப் நம்பர் இருக்குல்ல, போன் இல்லாமயே உள்ள போக உதவும், அத பிரிண்ட் எடுத்தது, ஒரு சிம் ஊசி, போன்ல மவுஸ், பென் டிரைவ் சொருக உதவற ஒரு சின்ன ஓடிஜி கேபிள். ஊர் நம்பருக்கு கிளம்பறதுக்கு முந்தின நாளே ரோமிங் பேக் போடறேன், எஸ்எம்எஸ் வந்தா போதும். கூகுள்ல இடமும் வாங்கி எல்லா படமும் தானா ஏறற மாதிரி வச்சாச்சு. அம்மா அந்த கவர்ல பட்டுக்கோட்டை தம்பிக்கு அதிரசம் செஞ்சு வைக்க எடம் இருக்கான்னு கேக்கறாங்க.

கடைக்கு போறவங்களுக்கு: வீரமாகாளியம்மன் கோயில்லருந்து முஸ்தபா பக்கம் நடந்தே போயிடலாம், சையது ஆல்வி ரோட்டுக்கு பின்னாடி தெரு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மட்டும் போகாதீங்க, அன்னைக்கு ஒருநாள்தான் அந்த தொழிலாளிங்களுக்கு லீவு, அவங்க போன்தான் அவருக்கு முதல் வேலை.